அம்மனுக்குப் பின்னால் ஒரு பரண்

கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் தாம்பரத்தைச் சுற்றி ஐந்து வாடகை வீடுகளில் குடியிருந்தோம். ஐந்திலும் பரண் இருந்தது. ஐந்துக்கும் பூட்டு இருந்தது. சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது. உள்ளே அவருடைய பித்தளை அண்டா, அவர் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ஓடாத கடிகாரங்கள், என்றோ கல்லூரிக்குப் போய்விட்ட அவர் மகனின் மூன்று சக்கர சைக்கிள். எங்கள் சமையலறைக்கு மேலே அவர்கள் குடும்பம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. நாங்கள் எங்கள் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். கட்டிலுக்கு அடியில் இடம் போதாதபோது கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். ஐந்தாவது வீட்டில் படுக்கப் போவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது.

"நமக்குன்னு வீடெல்லாம் வேணாங்க. ஒரு பரண் இருந்தாப் போதும்" என்பாள் என் மனைவி. நான் அதை ஒரு கவிதை வரியாக எடுத்துக்கொண்டேன். அவள் தச்சரிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வருடங்களில் நான் பழைய கார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது பார்ப்பது என்பது என்னுடைய சொல். அவள் 'வளர்ப்பது' என்பாள். சாப்பாடு போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், எங்கும் கூட்டிப் போகாது. இயந்திரங்களைப் பற்றி அந்தக் காலத்தில் நான் படிக்காத புத்தகம் குறைவு. இயந்திரங்கள்தாம் என்னைப் பற்றி எதுவும் படித்திருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கிய முதல் கார், மூட்டைப்பூச்சி போல உருண்டையானது. அதன் எஞ்சினை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுதாகப் பிரித்தேன். எட்டு மாதத்தில் திரும்பப் பூட்டினேன். பூட்டி முடித்தபோது ஒரு சாதக் கிண்ணம் நிறையத் திருகாணிகள் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அது ஓடியது. பின்னோக்கி மிக நன்றாகவே ஓடியது. இரண்டாவது கார் இறக்கம் இருக்கும் இடமெல்லாம் போனது.

அந்த இரண்டாவது காரின் அடிச்சட்டம் இற்றுப்போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டபோதுதான் எனக்கு அந்த வெல்டர் கிடைத்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்தவர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னா சார், இதுல எந்த எடத்துல காரு கீது?"

அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. லாரியின் முதுகில் ஒரு மர வீடு. சன்னலில் பூந்தொட்டி, படியில் தாடி வைத்த ஓர் ஆள், அவர் மடியில் பூனை. சிரிப்பாள் என்று நினைத்து மனைவியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. படத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல பரண் இருக்கா?"

"நாம கட்டினா இருக்கும்."

பத்திரிகையை மூடி என் கையில் கொடுத்தாள். "அப்ப கட்டுங்க" என்றாள்.

என் வாழ்க்கையில் ஒரு பைத்தியக்காரத்தனத்துக்கு வீட்டில் உத்தரவு கிடைத்தது அன்று ஒருநாள்தான். மறுநாள் காலை நான் பல் விளக்குவதற்குள் வெல்டரின் பட்டறை வாசலில் நின்றேன்.

அவர் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு தண்ணீர் லாரி. தொட்டி துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது. எஞ்சின் மட்டும் கல் மாதிரி உறுதி. நிறுத்த இடம் வேண்டுமே? செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் ஒருவரிடம் காலி மனை இருந்தது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர், இப்போது அதே வயலில் வரிசையாகக் கல் நட்டு மனை போட்டிருந்தார். ஊர் அம்மன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா.

"வெச்சிக்கோ சார். நான் வூடு கட்ற வரிக்கும் எடம் சும்மாதான கீது. ஏரிக் காத்து வேற. வண்டிக்கி ஒடம்புக்கு நல்லது."

அந்த மனைக்கு அப்போது தெருவே கிடையாது. வரப்பு இருந்தது. அதன் மேல்தான் லாரியை உருட்டிக்கொண்டு போனோம். நான்கு பக்கமும் வானம்.

அதன் பிறகு நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகள். வெல்டர் காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வருவார், அதைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு நெருப்பைப் பற்ற வைப்பார். நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். தவறான முனையைப் பிடிப்பது என் தனித்திறமை. இரும்புச் சட்டம் எழும்பியது. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு சன்னல்கள் நான்கு வந்தன. மடக்கிச் சுவரில் சாத்தும் கட்டில் வந்தது; ஒருமுறை அது என்னையும் சேர்த்து மடக்கியது. சமையல் மேடைக்குக் கடப்பாக் கல் வேண்டும் என்றாள் மனைவி. "லாரிக்கு யாருனா கல்லு மேடை வெப்பாங்களாக்கா?" என்றார் வெல்டர். "வீட்டுக்கு வெப்பாங்கல்ல?" என்றாள் அவள். கல் வந்தது. லாரி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. மறுபக்கம் என் புத்தகங்களை வைத்துச் சரி செய்தோம். என் படிப்பு குடும்பத்துக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு தடவை.

கடைசியாகப் பரண். அறைக்குள் வைத்தால் தலை இடிக்கும். எனவே கூரைக்கு மேலே வைத்தோம், யானை மேல் அம்பாரி போல. உள்ளேயிருந்து ஏற ஓர் இரும்பு ஏணி. முன்பக்கம் ஒரு சின்ன சன்னல்.

"பரணுக்கு எதுக்குக்கா சன்னலு?"

"காத்து வர வேணாமா? சாமான் புழுங்கிப் போவும்."

அந்தச் சாயங்காலம் அவள் ஏறிப்போய் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் இறங்கவில்லை. கீழிருந்து, "எப்படி இருக்கு?" என்று கத்தினேன். "காலியா இருக்கு" என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் அளந்து அளந்துதான் கட்டினோம். ஆகாயத்தை மட்டும் அளக்கவில்லை. தரையிலிருந்து பரண் உச்சி பதின்மூன்றடி. நாங்கள் கட்டிய நான்கு வருடத்தில் வரப்பு தெருவாகியிருந்தது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள் முளைத்திருந்தன. கம்பங்கள் வந்தன, மின்சாரம் வந்தது, டெலிபோன் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, அதாவது எல்லாவற்றுக்கும் கீழாக, கேபிள் டிவி வந்தது. மாடிக்கு மாடி கறுப்பு ஒயர்கள் வாழை நார் கட்டியதுபோலத் தொங்கின. மனையிலிருந்து பெரிய ரோடு வரை எண்ணிப் பார்த்தேன். பதினேழு. ஒன்றுகூடப் பன்னிரண்டடிக்கு மேல் இல்லை. நாங்கள் ஒரு வண்டியைச் செய்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஓர் ஊரைச் செய்து முடித்திருந்தார்கள்.

மனைக்காரர் வந்தார். "ஆவணி மொத முகூர்த்தத்துல பொண்ணுக்கு வூட்டு வேல ஆரம்பிக்கறேன் சார். அதுக்குள்ள எட்த்துடு."

வெல்டர் ஒயர்களைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு காஸ் கட்டரோடு வந்தார். "பரண அறுத்துட்டா போச்சு சார். அர நாளு வேல. அப்பால வெளிய போயி திரும்ப ஒட்டிக்கலாம்."

திரும்ப ஒட்டுவதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"அறுத்துக்கோங்க" என்றாள் மனைவி. குரல் உயரவே இல்லை. "அப்புறம் அது வீடில்ல, லாரி. லாரியில நான் ஏற மாட்டேன்."

வெல்டர் காஸை மூடினார். என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

வழி சொன்னவர் மனைக்காரர். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பரணையும் ஒயரையும் ஒரு வியாபாரியின் கண்ணால் அளந்தார்.

"ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம ஆத்தா இந்தத் தெருவுக்கு வர்றா. சப்பரம் இன்னா ஒசரம்னு நெனச்சே? பன்னண்டரை. கவ கொம்பு புட்ச்சினு எட்டுப் பேரு முன்னாடி ஒயரத் தூக்கினே வருவானுங்க. ஈபிக்காரன் கரண்ட்ட நிறுத்திடுவான். நீ பின்னாலயே வந்துடு. ஆத்தா சப்பரத்துக்கே தூக்கறானுங்க, தங்கச்சி பரணுக்குத் தூக்க மாட்டானுங்களா?"

நான் அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூசாரிக்கு மட்டும் ஒரு மனக்குறை: அம்மனைவிட உயரமாக ஒன்று பின்னால் வரலாமா? அரையடி வித்தியாசம். "ஆத்தாவுக்கு ஒரு பட்டுக் கொடை வெச்சிடு" என்றார் மனைக்காரர். பிரச்சினை முடிந்தது.

மனைவிக்கு இன்னொன்று. "ஆடி மாசத்துல யாராவது வீடு மாத்துவாங்களா?"

"யாருக்கா வூடு மாத்தறது?" என்றார் வெல்டர். "வூட்டயும் கூட்டிகினுதான போறீங்கோ!"

ஞாயிறு வந்தது. மத்தியானம் கூழ் ஊற்றினார்கள். வெல்டர் இரண்டு சொம்பு குடித்தார். "நம்மாளு கோச்சிக்க மாட்டாரு சார், அவுரும் கூட்டத்துக்குச் சோறு போட்டவருதான்" என்று வானத்தைக் காட்டினார். நான்கு மணிக்குப் பம்பை சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். சாவியைத் திருகினேன். எஞ்சின் இருமியது, கனைத்தது, பிறகு உறுமியது. தெருக்கோடியில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"ஆஃப் பண்ணாத சார்!" என்று காதருகில் கத்தினார் வெல்டர். "பண்ணியினா தள்றதுக்கு ஊரே வேணும்!"

"ஊரேதான் இருக்கே!"

டிராக்டர் மேல் சப்பரம் வந்தது. சாமந்தி வளைவு, எலுமிச்சை மாலை, உச்சியில் புதுப் பட்டுக் குடை. அதன் பின்னால் நான், பதின்மூன்றடி வீட்டை முதல் கியரில் ஓட்டிக்கொண்டு. முன்னால் எட்டுப் பேர், "தூக்கு! தூக்கு! வுடு!" என்று ஒயர்களை உயர்த்தி, குடை கடந்ததும் இறக்காமல் பிடித்திருந்து, எங்கள் பரண் கடந்ததும் ஓடிப்போய் அடுத்த ஒயரைப் பிடித்தார்கள். மாடிகளிலிருந்து சனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் சப்பரத்துக்குக் காட்டிய கற்பூரத் தட்டை அப்படியே எங்கள் லாரிக்கும் காட்டினார்கள். ஓர் அம்மா வண்டி நம்பர் பலகைக்குக் குங்குமம் வைத்தாள். பரபரப்பில் என் முழங்கை ஹாரனில் பட்டுவிட்டது. அந்த ஹாரன் சத்தம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிமிடத்தில் ஆறேழு பேர் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடி வந்தார்கள்.

"தண்ணி லாரி இல்லம்மா!" என்று வெல்டர் கெஞ்சினார். "வூடு இது, வூடு!"

"வூடுன்னா இன்னாத்துக்கு ஹாரனு?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாறு ஒயர் ஆயிற்று. தெருமுனை வந்தது. அங்கே சப்பரம் இடப்பக்கம் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் வலப்பக்கம் பெரிய ரோட்டுக்கு. சப்பரம் திரும்பியது. எட்டுப் பேரும், எட்டுக் கவைக் கொம்புகளும் சப்பரத்தோடு திரும்பின. அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? அவர்கள் வேலை அம்மனுக்கு.

பதினேழாவது ஒயர் எங்களுக்கு நேரே தொங்கியது. பரணின் நெஞ்சு உயரத்தில். நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். பின்னால் கூட்டம், திரும்ப வழியில்லை. நான் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு ஊர்ந்தேன். வெல்டர் குதித்து இறங்கிக் கையை மேலே நீட்டி எம்பினார். அவர் உயரத்துக்கு அது ஒரு வேண்டுதலாகத்தான் இருந்தது.

அப்போது தலைக்கு மேலே, "மெதுவா வாங்க! நிறுத்தாதீங்க!" என்று ஒரு குரல்.

தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தேன். பரண் சன்னலில் இடுப்புவரை வெளியே வந்திருந்தாள் என் மனைவி. கையில் துணி காயப்போடும் கொம்பு. ஐந்து வாடகை வீடுகளில், உயரக் கொடிகளில், பதினோரு வருடம் என் வேட்டிகளைப் போட்டு எடுத்த அதே கொம்பு. அதன் நுனியை ஒயருக்கு அடியில் கொடுத்து, ஈர வேட்டியை உதறிப் போடுகிற அதே லாகவத்தில், ஒரே தூக்கு. ஒயர் சன்னலைத் தாண்டி மேலேறியது, கூரை மேல் வழுக்கியது, கொம்பு நகர நகரப் பின்னாலேயே போனது. டொக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஒயர் அந்தரத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அறுந்திருக்கவில்லை. பரணும் எங்களோடு இருந்தது.

தெருமுனையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். கவைக் கொம்புக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "யக்கா! அடுத்த வருசம் எங்க கூட வந்துடு!" என்று கத்தினார். வெல்டர் ஓடி வந்து கதவைப் பிடித்து ஏறினார். அவர் ஏறிய வேகத்தில் புத்தகங்கள் சரிந்தன, கடப்பாக் கல் வென்றது, நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே பெரிய ரோட்டில் ஏறினோம். எனக்கு மூன்றாவது கியர் போட வேண்டும் என்பதே மறந்துபோய், மேடவாக்கம் வரை இரண்டாவதில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே கோவளம் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்து வாசல் இருக்கும்படி நிறுத்தினேன். கடப்பா மேடையில் அடுப்பு வைத்து அவள் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது, மூவரும் குடித்தோம். பிறகு அவள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதல் சாமானாக எதை வைக்கப்போகிறாள் என்று பார்க்க நானும் வெல்டரும் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றோம்.

கொம்பை மட்டும் உள்ளே படுக்க வைத்தாள். இரண்டு படி இறங்கி நின்று பரண் கதவைச் சாத்தினாள். பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு புதுப் பூட்டு.

பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சாவி?" என்றேன்.

"குடித்தனக்காரங்களுக்குப் பரண் கிடையாதுங்க" என்றாள்.