ஆரஞ்சுப் பலகை

நெக்கானேவுக்குப் பொறாமை வந்தது சொந்தப் புருஷன் மேல். வேறு யார் மேலாவது வந்திருந்தால் அவனிடமே சொல்லிப் புலம்பியிருப்பாள். ஒரே சமையலறை, ஒரே கட்டில், ஒரே வேன். எங்கே போய்க் கொட்டுவது?

அமெரிக்காவின் பாய்சி நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை யாரும் அவளைத் தேட மாட்டார்கள். அந்த நேரம் முழுக்க ஆற்றுக்குத்தான். ஆற்றின் குறுக்கே தண்ணீருக்கடியில் இரும்புத் தகடுகள் இருக்கின்றன. ஆற்றங்கரைப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ஹாலிஸ் என்பவன் அவற்றை ஏற்றி இறக்கி அலையை எழுப்பி நிறுத்துவான். ஒரு நாள் அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு, மறுநாள் துடுப்புப் படகுக்காரர்களுக்கு. அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர் அடியில் ஓடும், மேலே ஒரே ஒரு ஆள் சறுக்கலாம். மற்றவர்கள் கரையில் வரிசை கட்டி நிற்பார்கள்.

யாராவது அசத்திவிட்டால் அந்த வரிசை தன் பலகைகளை உள்ளங்கையால் தட்டும். அந்தத் தட்டலைக் கேட்டு வாங்க முடியாது. நெக்கானே அலை வந்த முதல் வருஷத்திலிருந்து வருகிறவள். கால் வைப்பதிலும் முழங்காலை மடக்குவதிலும் ஒரு பிசகு சொல்ல முடியாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மரியாதைக்கு நாலு தட்டு. கல்யாண வீட்டில் தூரத்து உறவுக்கு வைக்கிற பந்தி மாதிரி.

புருஷன் வெர்ல் குழாய் வேலைக்காரன். ஆரம்பத்தில் காப்பிக் குடுவையும் துண்டும் தூக்கிக்கொண்டு சும்மா கூட வந்தவன். "நீயும் ஏறேன், விழுந்தா உன் தொப்பை மிதக்கும்" என்று அவனை உசுப்பிவிட்டது அவளேதான். அந்த வாயை அப்புறம் எத்தனை முறை நொந்துகொண்டாளோ! ஒரே கோடையில் பழகிவிட்டான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பல்லை இளித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல அலை மேல் நிற்பான். கரை மொத்தமும் படபடவென்று தட்டும். சறுக்கி முடித்து வந்தால் இரண்டு பலகைகளையும் இரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வேனுக்கு நடப்பான். அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் அவள் பலகையையும் அவன்தான் சுமப்பான். அவன் இத்தனை நல்லவனாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"நீ ரொம்ப விறைப்பா நிக்கிற நெக்கானே. கொஞ்சம் தளர விடு."

"யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்குறதுன்னு இல்லையா? குளிக்கிற தொட்டில நிக்கத் தெரியாம வழுக்கி விழுந்தவன் நீ."

"அது சோப்பு."

பிழை பலகையில்தான் என்று அவள் மனம் தீர்ப்பெழுதியது. அவளுடையது பச்சை, ஒல்லி. அவனுடையது பளீரென்ற ஆரஞ்சு, அகலம். எந்த முட்டாளும் அதில் நிற்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு காலை, ஊரெங்கும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. வெர்ல் சாப்பிடாமல்கூட கம்பெனி வண்டியில் ஏறி ஓடினான். நெக்கானே பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொட்டகையில் தன் பச்சைப் பலகைக்கு நீட்டிய கை, கொஞ்சம் தள்ளிப் போய் ஆரஞ்சை எடுத்தது.

குளிர்காலத்தில் ஆற்றில் முகம் கிடையாது. எல்லாருக்கும் கறுப்பு ரப்பர் உடை, தலைக்கும் அதே ரப்பர், அதற்கு மேல் தலைக்கவசம். மூக்கு நுனி தெரிந்தால் பெரிது. ஆளைப் பலகையை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே உயரம், அவளுக்கும் பேருந்து ஓட்டி ஓட்டி அகன்ற தோள். வரிசையில் ஒருவன் அவள் முதுகில் ஓங்கி அறைந்தான். "என்னப்பா வெர்ல், குழாயெல்லாம் லீவா?" அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அலை மேல் குதித்தாள். எப்போதும் அவளுக்கு ஒரு கண் கரையில் இருக்கும், யார் பார்க்கிறார்கள், யார் தட்டுகிறார்கள் என்று. இன்று யாரும் அவளைப் பார்க்கவில்லை. வெர்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் அவன் மானம்தானே போகும்! உடம்பு தானாகத் தளர்ந்தது. இடுப்பைச் சுழற்றி ஒரு திருப்பு திருப்பினாள், பலகையின் மூக்கு தண்ணீரைக் கிழித்து விசிறி அடித்தது. கரை அதிர்ந்தது. "வெர்ல்! பின்னிட்டய்யா வெர்ல்!"

வாழ்நாளில் கேட்காத தட்டல், கடைசியில் அவன் பேருக்குப் போனது. கரைக்குத் திரும்பினால் குட்டு உடைந்துவிடும் என்று வேண்டுமென்றே விழுந்து, நீரோடு போய், வளைவு தாண்டி எதிர்க்கரையில் ஏறி, புதர்களுக்குள் பதுங்கிப் பாலத்தைச் சுற்றி வேனுக்கு வந்தாள். வீட்டுக்குப் போய்ப் பலகையைத் துடைத்துக் கொட்டகைக் கொக்கியில் மாட்டினாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

வசந்தத்தில் பூங்கா வாசலில் ஹாலிஸ் ஒரு பெரிய புகைப்படத் தட்டியை நட்டான். பனி ஒட்டிய கரை, விசிறியடிக்கும் தண்ணீர், பின்னாலிருந்து ஒரு கறுப்பு உருவம், காலடியில் ஆரஞ்சு. "குளிர்காலத்துல நான் எடுத்ததிலேயே இதுதான் ஒஸ்தி. வெர்ல், நீ இனிமே இந்த ஆத்தோட முகம்" என்றான்.

வருகிறவர்கள் எல்லாரும் வெர்லின் கையைக் குலுக்கினார்கள். நெக்கானேவிடம், "உங்களுக்குப் பெருமையா இருக்குமே!" என்றார்கள். "இருக்காதா பின்னே" என்று பல்லைக் கடித்தாள். சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால், ஏன் பலகையைத் திருடினாய் என்று கேட்பார்கள். பொறாமையில் என்று சொல்லிவிட்டு அதே வரிசையில் நாளைக்கு எப்படி நிற்பது?

விசித்திரம் என்னவென்றால், வெர்ல் அந்தப் படத்தால் மெலிந்துகொண்டு வந்தான். அந்தத் திருப்பை மறுபடி போடப் பார்த்தான், விழுந்தான், மறுபடி விழுந்தான். இளிப்பு போய்விட்டது. கரையின் தட்டலும் ஓய்ந்தது.

ஒரு நாள் படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் சொரீசோ என்ற காரப் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் பாதியில் நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தத் திருப்பு எனக்கு ஞாபகமே இல்ல. எப்படிப் போட்டேன்னும் புரியல. எனக்கு வயசாயிடுச்சா நெக்கானே?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தது பாவம் பார்த்த மனசு அல்ல.

"அது நீ இல்ல. நான்."

சிரித்தான். "உன் பலகை பச்சை."

"குழாய் வெடிச்சு நீ ஓடினியே, அன்னைக்கு உன்னோடத எடுத்துட்டு வந்தேன்."

"கேக்காமயா?"

"கேட்டா குடுத்திருப்ப. அதான் கேக்கல."

வெர்ல் எழுந்து படத்தின் அருகே போனான். தோளைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான், இடுப்பில் அவன் பார்வை அதிக நேரம் நின்றது. திரும்பியபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. உதடு இறுகி, கண் சுருங்கி, ஏதோ புளித்ததைக் கடித்த முகம். அந்த முகத்தை அவள் வருஷக்கணக்காகத் தன் குளியலறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"ஹாலிஸ்கிட்ட சொல்லப் போறியா?" என்றான்.

"சொல்லக் கூடாதா?"

"அது அகலமான பலகை. அதுல யாரும் போடலாம்" என்று முணுமுணுத்தான்.

"அப்போ போடேன்."

வெர்ல் குனிந்து ஆரஞ்சுப் பலகையை எடுத்து அக்குளில் இடுக்கினான். இன்னொரு கை காலியாகத் தொங்கியது. திரும்பிப் பார்க்காமல் வேனை நோக்கி நடந்தான். பச்சைப் பலகை புல்லில் கிடந்தது. நெக்கானே அதைத் தானே தூக்கிக்கொண்டு, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, அவசரப்படாமல் அவன் பின்னால் போனாள்.