புவக் என்றால் வெள்ளை யானை

ஸேங்லாவின் வாய்க்கு பயாவ் ஊரில் பயப்படாத ஆள் கிடையாது. ஏரிக்கரைச் சந்தைக்குப் பின்னால் அவளுடைய சேவைக் கடை. பன்றி எலும்பும் தக்காளியும் காய்ந்த இலவம்பூவும் போட்டுக் கொதிக்கும் சிவப்புக் குழம்பை அரிசிச் சேவைமேல் ஊற்றித் தருவாள். குழம்புக்காக வருகிறவர்கள் பாதி, இன்றைக்கு யார் தலை உருளுகிறது என்று கேட்க வருகிறவர்கள் பாதி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அது ஒட்டிக்கொண்டால் அவருடைய சொந்தப் பெயர் பெண்டாட்டிக்கே மறந்துபோகும். மின்வாரியத்துக்காரர் ஒருவர் 'கருவாடு' என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரிலேயே ஓய்வும் பெற்றார். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டு அவள் கடையிலேயே பழியாய்க் கிடக்கும் இன்டாவுக்குத் 'தேரை'. கூப்பிட்டால் "என்னக்கா?" என்பான். எங்கள் ஊரில் பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொள்கிறவன் ஊர்க்காரனே இல்லை.

அந்த வெளிநாட்டுக்காரர் முதன்முதலில் கடைக்குள் வந்தது ஒரு சித்திரை வெயிலில். ஹாலந்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது அவருடைய உடம்புதான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வெயில் பட்ட இடமெல்லாம் ரோஜா நிறம். மூக்கு விடைத்திருந்தது. வாயில் எதையோ மெதுவாக மென்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரு என்னங்க?" என்று ஸேங்லா கேட்டாள்.

அவர் சொன்னார். கெரிட் என்று எழுதுவார்களாம். அவர் சொன்னபோது அது காறித் துப்பப் போகிறவன் தொண்டையைச் செருமுகிற மாதிரிதான் ஆரம்பித்தது.

"ஐயையோ! இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எச்சி குழம்புல விழுமே!" என்றாள் ஸேங்லா. கடை சிரித்தது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏரிக்கரையில் மேய்கிற எருமைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு இப்படித்தான் ரோஜா நிறத்தில் நிற்கும். "புவக்," என்றாள். "இனிமே இவரு புவக்."

இன்டா பெஞ்சிலிருந்து விழாத குறை.

நிறமில்லாமல் பிறந்ததை நாங்கள் புவக் என்போம். யானைக்கும் சொல்வோம், எருமைக்கும் சொல்வோம். வெள்ளை யானை என்றால் அரண்மனைக்குப் போகும். எருமை என்றால், வெள்ளையோ கறுப்போ, மடையனைத் திட்டுகிற வார்த்தை. இவர் எந்தப் புவக் என்பதில் கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"புவக்னா என்ன, அக்கா?" என்று அவர் எங்கள் பேச்சில் தட்டுத்தடுமாறிக் கேட்டார். அவளைவிடப் பெரியவர், ஆனாலும் பள்ளிக்கூடப் பெண்ணிலிருந்து பல் போன கிழவிவரை எல்லோரையும் அக்கா என்பார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்.

ஸேங்லா குழம்பைத் தேவையில்லாமல் ஒரு சுற்றுக் கிளறினாள். பிறகு வாய் கூசாமல் சொன்னாள்: "யானைங்க. வெள்ளை யானை. ரொம்ப அதிர்ஷ்டம்."

அவர் எழுந்து நின்று கை கூப்பினார். அந்தக் கும்பிடு அவளுக்கு அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்தவர், ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தபால் நிலையத்தில், மருந்துக் கடையில், மீன்காரியிடம் எல்லாம் தானே போய் "என் பேரு புவக், வெள்ளை யானை" என்று சொல்வார். கேட்டவர்கள் முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார்.

ஸேங்லாவுக்கு முதலில் முள் குத்தியது அவளுடைய புருஷன் சாவில். மூன்று நாள் சடலம் வீட்டில் இருந்தது. வந்த சொந்தபந்தத்துக்கெல்லாம் சோறு போட்டாக வேண்டும். கொல்லையில் மலையாய்க் குவிந்த தட்டுகளை, கூப்பிடாமலே வந்து குந்தி உட்கார்ந்து தேய்த்தவர் இவர்தான். எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்து எழுந்து, "என் பேரு புவக், வெள்ளை யானை" என்று அவளுடைய சித்தப்பா பிள்ளைகளிடம் சொன்னார். சாவு வீடென்றும் பாராமல் அவர்கள் சிரித்தார்கள். கழுவின தட்டை வாங்கிக்கொண்டிருந்த ஸேங்லாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை தடவையோ சொல்ல நினைத்தாள். அவர் கிண்ணத்தில் இரண்டு எலும்புத் துண்டு கூடப் போட்டாள். எலும்பு போய்ச் சொல்லுமா? முகத்துக்கு நேரே ஒருவரைச் சங்கடப்படுத்தும் பேச்சு எங்கள் பக்கத்தில் யாருக்கும் சுலபத்தில் வராது. முதுகுக்குப் பின்னால் என்றால் தாராளமாக வரும். இன்டாவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"இனிமே அவரை அப்படிக் கூப்பிட வேணாம்டா, தேரை."

"வேற எப்படிக் கூப்பிடறது? நீ வச்ச பேருதானேக்கா? நல்லாத்தானே இருக்கு, அவருக்கே பிடிச்சிருக்கு!"

நீ வச்ச பேருதானே. அன்று முழுக்க அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மழை தொடங்கிய சமயம். மத்தியானம் கடை ஓய்ந்து, ஸேங்லா பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரே சந்தோஷம்.

"அக்கா, கோயில் மதில்ல ஒரு மாடம் பேசிட்டேன். ஏரியைப் பார்த்த மாதிரி. நான் செத்தா சாம்பல் அதுலதான்."

"நல்ல நேரத்துல என்ன பேச்சுண்ணே இது!"

"மாடத்து வாயை மூடுற பீங்கான்ல பேரு போடறாங்க. கெரிட் வேணாம்னுட்டேன். புவக்னு எழுதி, பக்கத்துல ஒரு வெள்ளை யானை. பெரிய பிக்கு கேட்டுட்டுச் சிரிச்சாரு. எனக்கு இங்க யாருமில்ல. சாம்பலை நீங்கதான் உள்ள வைக்கணும். வைப்பீங்களா?"

ஸேங்லா பானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தன் கையாலேயே அந்த மனுஷனை உள்ளே வைத்து, தன் பொய்யாலேயே கதவும் போட வேண்டுமா? ஊர் உள்ளவரைக்கும் மதிலோரம் போகிறவன் வருகிறவனெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு போவானே! இந்தப் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழுவுவது?

ஈரக் கையோடு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, யானை போடாதீங்க."

"ஏன்?"

"அது யானை இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு உங்களைப் பார்த்ததும் எனக்கு எருமைதான் ஞாபகம் வந்துச்சு. ஏரிக்கரையில நிக்குதே, அந்த வெள்ளை எருமை. என் வாய் சும்மா இருக்காதுண்ணே. நீங்க அர்த்தம் கேட்டதும் பயந்துபோய் யானைன்னுட்டேன்."

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இன்டாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தபால்காரருக்கு? மீன்காரம்மாவுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்ணே."

"பெரிய பிக்குவுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். திட்டுவார் என்று ஸேங்லா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் நிதானமாக, தனக்குத் தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"எங்க ஊர்ல முப்பது வருஷம் டிராம் ஓட்டினேன். தினமும் ஜனங்க ஏறுவாங்க, இறங்குவாங்க. என்னைப் பார்த்து யாரும் சிரிச்சதில்ல. இங்க வந்தேன். பேரைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நம்மளைப் பார்த்ததுல இவங்களுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு நினைச்சேன். அதான் அக்கா, இந்த ஊர்லயே இருந்துட்டேன்."

"சந்தோஷம்தாண்ணே! முதல்ல கேலி, நிஜம்தான். அப்புறம் அப்படி இல்ல. சத்தியமா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சொல்கிற வாய் எது? மூன்று வருஷமாக யானை யானை என்ற வாய்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பீங்கான்காரங்கிட்ட நான் வந்து சொல்றேண்ணே. வேற பேரு போடச் சொல்றேன்," என்றாள் ஸேங்லா.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அக்கா. தெரிஞ்சா சிரிக்கறதை நிறுத்திடுவாங்க."

சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று அவள் நம்பியிருந்தாள். இறங்கவில்லை. இதுவரை ஊரோடு பங்கு போட்டிருந்ததை இனி அவள் ஒருத்தியே தூக்க வேண்டும்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். வழக்கமான மூலையில் உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தபோது அதையேதான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. மூட்டை இறக்க வந்த வெளியூர் லாரிக்காரன் ஒருவன் அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா பேரு என்னங்க?"

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. இன்டா முன்கூட்டியே வாயைப் பொத்திக்கொண்டான்.

"புவக்," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெள்ளை யானை."

கடை குலுங்கியது. லாரிக்காரனுக்குப் புரை ஏறியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் ஸேங்லாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, உனக்கு உடம்பு சரியில்லையா? ஒரு மாதிரி நிக்குற?" என்றான் இன்டா.

ஸேங்லா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் சிரித்தாள்.