கேமரா அக்கா குதித்த கதை

அந்தத் துணிக்கடையில் அவளுக்குக் கேமரா அக்கா என்று பெயர். மூன்றாம் மாடியில் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை, ஒரு சுழல் நாற்காலி, சுவர் நிறையத் திரைகள். யார் எந்தச் சட்டையை எடுத்து எங்கே செருகுகிறார் என்று நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தால் அந்தக் குணம் வீடு வரைக்கும் கூட வராதா? வந்தது. காய்கறிக்காரர் எடை போடும்போது அவள் தராசைப் பார்க்க மாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள்.

உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை ஏறிவிட்டது. "தினமும் உடம்பை அசைங்க. பிடிச்ச மாதிரி எதையாவது செய்ங்க" என்றார் டாக்டர். பிடித்த மாதிரி உடற்பயிற்சியா? கணவர் ஆசையாக வாங்கிப் போட்ட சைக்கிள் மெஷினில் ஈரத் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. நடைப்பயிற்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உடற்பயிற்சி சுகமாக இருக்கிறது என்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அந்தச் சமயம் பார்த்துக் கடையில் சட்டைகள் காணாமல் போயின. மேனேஜர் அவளைப் பிடித்து உலுக்கினார். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மாட்டியது ஆல்ட்டரேஷன் டெய்லர். பேன்ட் நீளத்தைக் குறைத்துத் தைக்கிற பெண், யாரோடும் அதிகம் பேசாதவள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையோடு பின்படி ஏறி மொட்டை மாடிக்குப் போகிறாள். அங்கே கேமரா கிடையாது. திரும்பி வரும்போது வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றையும்விட மோசம், சிரித்த முகமாக வருகிறாள். இந்தக் கடையில் மத்தியானத்துக்கு மேல் சிரிக்க என்ன இருக்கிறது? கேமரா அக்கா நேரே மேனேஜரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் இருவரும் சத்தமில்லாமல் படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டெய்லர் வெறுங்காலோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. மேனேஜர் பையைக் கவிழ்த்தார். ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் விழுந்தன. கேமரா அக்காவின் முகத்தில் அசடு வழிந்தது.

வெறுங்கையோடு இறங்குகிற ஆளா மேனேஜர்? கயிற்றைப் பிடுங்கிப் பார்த்தார். வெட்டிப் போட்ட இடுப்பு நாடாத் துண்டுகளைப் பின்னிச் செய்த கயிறு.

"இது கடை நாடாதானே?"

"குப்பைக்குப் போறது சார்."

"குப்பையும் கடையோடதுதான். இன்னொரு தடவை பார்த்தேன், வேலை கிடையாது."

காணாமல் போன சட்டைகள் பிறகு கோடவுனிலேயே, வேறு பெட்டிகளில் கிடைத்தன. யாரும் டெய்லரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மெஷின் முன்னாலேயே சாப்பிட்டு, அதன்மேலேயே தலை சாய்த்தாள். சிரிப்பு போயே போய்விட்டது. அந்த முகத்தைத் தினமும் திரையில் பார்க்க வேண்டியவள் யார்? போட்டுக் கொடுத்தவளேதான். ஒருத்திக்கு இருந்த கொஞ்சூண்டு சந்தோஷத்தையும் வாயால் கெடுத்தோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வெளியே போய்ச் சொந்தக் காசில் ஒரு கயிறு வாங்கிக்கொண்டு வந்து டெய்லர் முன்னால் நின்றாள்.

"வாம்மா, மேல போலாம்."

டெய்லர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுவும் மேனேஜர் சொல்லிக் குடுத்ததா?"

"சத்தியமா இல்ல. நானா வந்தேன். தப்பு பண்ணிட்டேன்."

"நான் குதிக்கணும், நீங்க நின்னு பாக்கணும், அதானே?"

கேமரா அக்கா கயிற்றை நீட்டினாள். டெய்லர் அதை வாங்கவில்லை.

"அப்போ நீங்க குதிங்க. குதிக்கிறவங்களுக்கு வேவு பாக்க வராது."

மாடி ஏறுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. முதல் தாவலில் கயிறு காலைச் சுற்றியது, அடுத்ததில் கொண்டையைப் பிடித்தது. டெய்லர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், அப்புறம் பொத்தவும் முடியவில்லை. "பாடிக்கிட்டே குதிங்கக்கா, கால் தானா வரும்" என்றாள். வந்தது. நாலைந்து தாவல்தான். ஆனால் அந்த நேரத்தில் கேமரா அக்கா உலகத்தில் ஒருத்தரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் கண்ணுக்கு அப்படி ஒரு ஓய்வு கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே மறுநாளும் போனாள்.

அதன் பிறகு விடவே இல்லை. மழை பெய்தால் பின்படியின் அடியில் குதித்தார்கள். மூட்டு வலித்தால் மெதுவாகக் குதித்தார்கள். மாற்றி மாற்றி ஒரே கயிறு. சர்க்கரை இறங்கியதைக் கணவர் நம்பாமல் வேறொரு லேபில் போய்ச் சோதிக்கச் சொன்னார். அவள் சகவாசம் அவரையும் கெடுத்திருந்தது.

ஒன்று மட்டும் மாறவில்லை. கயிற்றைக் கையில் வாங்கும் முன் டெய்லர் ஒருமுறை மாடிக் கதவைத் திரும்பிப் பார்ப்பாள், பிறகு கேமரா அக்காவைப் பார்ப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேமரா அக்கா குதித்தபடியே கேட்டாள்.

"இன்னுமா என்மேல சந்தேகம்?"

டெய்லர் மறைக்கவில்லை. "நீங்க குதிக்கறப்போ இல்லக்கா. நிறுத்தினதும் வந்துடுது."

கேமரா அக்காவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.