அறுபதாம் கல்யாணமும் தானாக விழுந்த டிக்கும்

அந்தச் சனிக்கிழமை ஆடிட்டர் சார் காபி கேட்கவில்லை. அவருக்கு மணவாள நகரில் வீடு, திருவள்ளூரில் மெயின் ஆபீஸ். எங்கள் கும்மிடிப்பூண்டி கிளைக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். வந்ததும் முதல் வேலை காபிதான். அன்று பையைக்கூட வைக்காமல் "கவிதா எங்க?" என்றார்.

கவிதா எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எளாவூரிலிருந்து ரயிலில் வருவாள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. நான் அந்தக் கிளைக்கு மேனேஜர். பேர்தான் பெரிசு. கவிதா லீவு போட்டால் வரி ரிட்டர்ன் போடுவதும் நான்தான், பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் நான்தான்.

சார் கையில் இருந்தவை வருமான வரி நோட்டீஸ்கள். எல்லாம் பெண்கள் பேரில் வந்தவை. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கி ரிட்டயரானவர்கள். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள், இவர்கள் ஷிப்ட்டுக்குப் போனவர்கள். செட்டில்மென்ட் பணம் வந்ததும் பாதியை மனைவி பேரில் பேங்கில் போட்டுவிடுவார்கள். பாசம் ஒரு காரணம். பையன் பைக் கேட்டால் "அது அம்மா பேர்ல கீதுடா" என்று நழுவிக்கொள்ளலாம், அது இன்னொரு காரணம். அந்த வட்டியில் பேங்க் வரி பிடிக்கும். பிடித்ததைத் திரும்ப வாங்க, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நாங்கள் ரிட்டர்ன் போடுவோம்.

அறுபது தாண்டியவர்களுக்கு வட்டியில் கூடுதல் வரிக்கழிவு உண்டு. சாஃப்ட்வேரில் 'சீனியர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். வந்த வினையும் அந்த டிக்கால்தான். புருஷனுக்கு அறுபது தாண்டியிருந்தது, பெண்டாட்டிக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. ஆனால் இரண்டு பேருக்கும் டிக் விழுந்திருந்தது. உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை, கழிவு செல்லாது என்று சொல்லி டிபார்ட்மென்ட் அந்த அம்மாக்களின் ரீஃபண்டை நிறுத்திவிட்டது.

"எல்லாம் உன் லாகின்லதான் போயிருக்கு. பொறந்த தேதியைக்கூடப் பார்க்காம டிக் போட்டா என்னம்மா அர்த்தம்? எனக்கு எவ்ளோ கெட்ட பேரு. இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்றார் சார்.

சார் போன பிறகு கவிதா என்னிடம், "நான் போட்ட மாதிரி ஞாபகமே இல்ல சார். ஆனா எப்டி சத்தியம் பண்றது? வயசு கேட்டா அவங்கல்லாம் எங்களுக்கு அறுபது முடிஞ்சிடுச்சின்னுதான சொல்றாங்க. கை பாட்டுக்குப் போட்டிருக்குமோ இன்னாவோ" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கம் புருஷனுக்கு அறுபது முடிந்தால் சிறுவாபுரியிலோ வேறு கோயிலிலோ அறுபதாம் கல்யாணம் செய்வார்கள். மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, பேரப்பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதோடு அந்த அம்மாவுக்குத் தனி வயது கிடையாது. அப்புறம் யார் கேட்டாலும் "எங்களுக்கு அறுபது ஆயிடுச்சி" என்றுதான் பதில் வரும். அதனால் நானும் கவிதாதான் ஏமாந்துவிட்டாள் என்று நம்பினேன்.

திங்கட்கிழமை, எங்களிடம் ரிட்டர்ன் போடுகிற ராஜாத்தி அம்மா வந்தார். கையில் நோட்டீஸ். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "சார், அந்தப் பொண்ண நிறுத்திட்டீங்களாமே? அது மேல தப்பு இல்ல. வயசு கேட்டுச்சி, நான்தான் எங்களுக்கு அறுபதாம் கல்யாணமே முடிஞ்சிடுச்சின்னு பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். பெரிய சாருக்கு ஒரு போன் போட்டு சொல்லுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போன் போட்டேன். "ஒரு கேஸ் சரி. மத்ததுக்கு?" என்று கேட்டுவிட்டு சார் வைத்துவிட்டார்.

ராஜாத்தி அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா மார்க்கெட் பையோடு வந்தார், இன்னொருவர் முட்டி வலியோடு படியேறி வந்தார். எல்லோருக்கும் ரீஃபண்ட் நின்றுபோயிருந்தது. ஒருவராவது பணம் எப்போது வரும் என்று கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. எல்லோரும் "நான்தான் சார் தப்பா சொன்னேன்" என்றார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் தப்பை அடுத்தவர் தலையில் கட்ட வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வரிசையாக வந்தவர்களை அந்த வாரம்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஸ்டெல்லா அம்மா வந்தார். ராஜாத்தி அம்மாவுக்குப் பக்கத்து வீடு. அவருக்கு நோட்டீஸ் அன்றுதான் போனில் வந்திருந்தது. போனை என் முன்னால் வைத்துவிட்டு, "அறுபதாம் கல்யாணம் முடிஞ்சிடுச்சின்னு அந்தப் பொண்ணாண்ட நான்தான் சார் சொன்னேன்" என்றார், பாடம் ஒப்பிப்பது மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க சர்ச்சுல ஏதும்மா அறுபதாம் கல்யாணம்?"

ஸ்டெல்லா அம்மா சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தார்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஸ்டெல்லா அம்மா வீட்டுக் கணக்கைப் போட்டது கவிதா இல்லை, நான். கவிதா அன்று லீவு. ஸ்டெல்லா அம்மா ஆபீசுக்கே வரவில்லை, அவர் வீட்டுக்காரர்தான் இரண்டு பேருடைய பேப்பரையும் கொண்டுவந்தார். இந்த அம்மாவிடம் யாரும் வயதே கேட்கவில்லை. அப்படியானால் டிக் எங்கிருந்து வந்தது?

கவிதாவைக் கூப்பிட்டேன். ஸ்டெல்லா அம்மாவின் ஃபைலைத் திறந்தேன். டிக் இருந்தது. எடுத்துவிட்டு சேவ் பண்ணினேன், போய்விட்டது. வீட்டுக்காரர் ஃபைலைத் திறந்து, எதையும் தொடாமல் சேவ் மட்டும் பண்ணினேன். திரும்ப அம்மாவின் ஃபைலுக்கு வந்தால், டிக் சட்டமாக உட்கார்ந்திருந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி வந்தது. புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்த இடத்தில் எல்லாம், சாஃப்ட்வேர் புருஷன் வயதைத் தூக்கிப் பெண்டாட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் எங்கள் ஊர் அம்மாக்கள் மாதிரியே "எங்களுக்கு அறுபது ஆயிடுச்சி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கவிதா ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "நான் போடல சார்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

வீடியோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "கம்பெனிக்காரன்கிட்ட பேசிட்டேன். முதல்ல இல்லவே இல்லைன்னான், வீடியோவைப் பார்த்ததும் சரி பண்ணித் தரேங்கறான். எல்லாருக்கும் திருத்தி ரிவைஸ்டு ரிட்டர்ன் போடணும். கவிதாவை நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லு" என்றார். அவர் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் வார்த்தை. கவிதா முதல் ரயிலுக்கே வந்துவிட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு வந்தால், யார் போட்டது என்று லாகினைத் தேடாதீர்கள். அதே தப்பு மறுபடி வருகிறதா என்று முதலில் செய்து பாருங்கள். நாங்கள் யாருமே அதைச் செய்யவில்லை. ஸ்டெல்லா அம்மா வந்து ஒரு பொய் சொல்லியிராவிட்டால் செய்திருக்கவும் மாட்டோம்.

ரிவைஸ்டு ரிட்டர்னுக்காக ஸ்டெல்லா அம்மா திரும்ப வந்தபோது கேட்டேன். "அந்தப் பொண்ணை நீங்க அதுக்கு முன்னாடி பார்த்ததுகூட இல்லையேம்மா. அபராதம் கிபராதம் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இன்னா சார் பெருசா, இத்தவிட பேஜாரெல்லாம் பாத்தாச்சி. அத்த எப்டினா கட்டிடலாம். எங்க ஊட்டுக்காரரு வேல ஒருவாட்டி இப்டித்தான் பூட்ச்சி. எவனோ மெஷின ஒடச்சிட்டு இவரு மேல சொல்லிட்டான். அன்னிக்கு எங்களுக்காக ஒருத்தரும் வர்ல" என்றார்.

கவிதா எழுந்து போய் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.