கோழி வாசனைப் பேஸ்ட்டும் சில வாய்களும்

நாய்க்குத் தினமும் பல் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லும் கால்நடை மருத்துவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய்ச் சிரிப்பார்கள். ஆசையாக மடியில் ஏறிய நாய் கொட்டாவி விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். திருவானைக்காவலில் பதினான்கு வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். ஒரே ஒரு வீட்டிலாவது நான் சொன்னபடி தேய்க்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஃபினிஷிங்

திருவெறும்பூரிலிருந்து ஒரு ஃபிட்டர் தன் லாப்ரடாரைக் கூட்டி வந்தார். கடைவாய்ப் பல் முழுக்க மஞ்சளாகக் காரை. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன்.

வந்தார். பாதிக் காரையைக் காணோம்; பல்லின் மேல் கோடு கோடாகக் கீறல். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலிருந்த சின்ன அரத்தால் ராவியிருக்கிறார். நாய் வாயைக் காட்டிக்கொண்டு பேசாமல் படுத்திருந்ததாம். அந்த நாயைக் கையெடுத்துக் கும்பிடலாம். எனாமல் போனால் திரும்ப வராது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் செல்போன் டார்ச்சை அடித்து, தன் வேலையை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெட்டீரியல் சாஃப்ட்டா இருக்கு மேடம். இல்லேன்னா ஃபினிஷிங் இன்னும் நல்லா வந்திருக்கும்."

வீடியோ கால்

முசிறிப் பக்கம் வாழைத்தோப்புக்குக் காவல் இருக்கும் ராஜபாளையம் நாய். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று வீட்டுக்கார அம்மா வேன் பிடித்துக் கொண்டுவந்தார். வாயருகே கை போனாலே உறுமல். நான் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம். கடைசியில் அந்த அம்மா, கத்தாரில் வேலை பார்க்கும் கணவரை வீடியோ காலில் கூப்பிட்டார். "டைகரு, ஆ காட்டுடா" என்று போனிலிருந்து குரல் வந்ததும், அதுவரை உறுமிய வாய் அகலத் திறந்தது. எலும்பைக் கடித்து உடைந்த பல் ஒன்று ஈறில் குத்திக்கொண்டிருந்தது.

வலிக்குதாடா, தூங்கினியாடா என்று கணவர் பத்து நிமிடம் விசாரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், வைத்துவிட்டார். அந்த அம்மா போனைப் பைக்குள் போட்டார்:

"எனக்குந்தாங்க டாக்டர் நாலு நாளா பல்லு வலி. அதைச் சொல்றதுக்குள்ள கட் பண்ணிட்டாரு."

லேபிள்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு மாமா, பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் அவரும் பிங்கி என்ற பன்னிரண்டு வயது பொமரேனியனும் மட்டும். பிங்கி மாமியின் செல்லம். மாமி போய் இரண்டு வருடம். தயிர்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டே பிங்கிக்கு ஆறு பல் போயிருந்தது. மிச்சமும் சீழ் பிடித்தால் எடுக்க வழியில்லை. இதயம் பலவீனம், இன்னொரு முறை மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்காது. தினமும் தேய்த்தால்தான் பிழைக்கும் என்றேன்.

மாமா தலையாட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் கொடுத்த நாய்ப் பேஸ்ட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். கோழி வாசனை என்று போட்டிருந்தது. உள்ளே கோழியே கிடையாது மாமா, வெறும் எசென்ஸ் என்றேன். நாம் தேய்க்கிற பேஸ்ட்டை நாய் விழுங்கினால் ஆகாது. வேறு வாசனையும் என்னிடம் இல்லை. ட்யூபை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்:

"கோழியே இல்லாம கோழி வாசனை வரதுன்னா, அது இன்னும் மோசம் டாக்டர்."

டிக்கி

இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. மூன்றாம் நாள் காலையில் மாமா கிளினிக் வாசலில் நின்றார். "வெறும் ஜலத்தைத் தொட்டுத் தேச்சுப் பார்த்தேன், கடிச்சுட்டா" என்று விரலைக் காட்டினார். ட்யூபை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து பிங்கியோடு வந்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன், நாற்றமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமில்லை. ட்யூப் வீட்டுக்குள் வருவதில்லையாம், ஸ்கூட்டர் டிக்கியில்தான் வாசம். விடியற்காலையில் வாசலில் வைத்துத் தேய்த்துவிட்டு, குளித்த பிறகுதான் பெருமாள் பூஜை. டிக்கி திறக்கும் சத்தம் கேட்டாலே பிங்கி ஓடி வருகிறாளாம். மாமி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுவிட்டேன். பிங்கியின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ட்யூபோட சேர்த்து என்னையும் வாசல்லயே நிறுத்தியிருப்பா. ஆனா தேய்க்காம உள்ளே விட்டிருக்க மாட்டா. அது இருக்கட்டும், இன்னொரு ட்யூப் குடுங்கோ."

ஆக, இந்தப் பதினான்கு வருடத்தில் கோழி வாசனைப் பேஸ்ட்டை முழுசாகத் தீர்த்துவிட்டு இரண்டாவது ட்யூப் கேட்டு வந்த ஒரே வீடு, முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு.