வாசல் வீட்டு நீவெஸ்

வில்லா மொரேந்தாவில் நூற்றுப் பதினான்கு ஜன்னல்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை, நீவெஸ் சொன்னதுதான். முப்பத்தோரு வருடம் அவற்றைத் திறந்து சாத்தியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இன்று அந்த வில்லாவில் ஓர் இரவு தங்க எங்கள் ஊர் வாத்தியார் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டும். வாசலில் தொப்பி போட்டவன் நிற்கிறான். உள்ளே கூடத்துச் சுவர்களில் நானூறு வருடத்து ஓவியங்கள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். கூரை ஒழுகிய வீட்டில், முப்பது வருடம் ஆள் குடியிராத வீட்டில், அந்த நிறங்கள் உதிராமல் எப்படி நின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் நீவெஸ் பெயரைச் சொல்ல வேண்டி வரும்.

அவள் அம்மா பல்மீரா. ஐம்பத்தெட்டாம் வருடம் நீவெஸ் பிறந்த நாலாம் நாள் வில்லாவின் சொந்தக்காரரான பிரபுவின் மனைவிக்கு அல்வீசே பிறந்தான். அந்த அம்மாளுக்குப் பால் சுரக்கவில்லை. எங்கள் மலைப்பக்கத்துப் பெண்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதில் பேர் போனவர்கள். பல்மீராவைக் கையோடு அழைத்துப் போனார்கள். ஆண் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் கழுத்தில் சிவப்புப் பவளம் போடுவது வழக்கம். பல்மீராவுக்கு மூன்று சரம் போட்டார்கள். நீவெஸை மலைமேல் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். அங்கே காற்று நல்லது என்று சொல்லிக்கொண்டார்கள். பதினான்கு மாதம் கழித்து அம்மாவும் மகளும் தோட்டத்து நுழைவாயிலை ஒட்டிய சின்ன வீட்டில் குடியேறினார்கள். அதைத்தான் நாங்கள் வாசல் வீடு என்போம்.

எங்கள் ஊரில் ஒரு பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது, வழக்கு கிடையாது, ஒருவரிடம் ஒருவர் எழுத்து, பத்திரம் என்று கேட்பதும் கிடையாது. அல்வீசே அவளைப் பால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். நாங்களெல்லாம் அவனைப் பிரபு என்றும் நீங்கள் என்றும் சொன்னபோது, நீ என்று கூப்பிட உரிமை இருந்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பழைய பிரபு இறந்ததும் குடும்பம் மிலானுக்குப் போனது. போகும் முன் அல்வீசேயின் அம்மா நோட்டரியை வரவழைத்து, பல்மீராவும் அவள் மகளும் உயிரோடு இருக்கும்வரை வாசல் வீடு அவர்களுக்குத்தான், யாரும் எழுப்பக் கூடாது என்று எழுதி வைத்தார். நல்ல மனுஷி. மகன் அவரைக் கொண்டு பிறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீவெஸின் வேலை ஜன்னல்கள். வெயிலடிக்கும் காலையில் தெற்குப் பக்கத்துப் பலகைக் கதவுகளைத் திறப்பாள். உச்சிப் பொழுதுக்கு முன் சாத்துவாள், வெயில் ஓவியத்தில் விழக் கூடாது. மூடுபனி இறங்கும் நாளில் ஒன்றையும் தொட மாட்டாள். ஜனவரியில் தன் வீட்டு விறகைத் தூக்கிப் போய்க் கூடத்து அடுப்பில் போடுவாள். தனக்கு ஒரு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொண்டால் போதும் என்பாள். பல்மீரா இறந்த வருடம் ஒரு லாரி ஓட்டுநர் இவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நல்ல பிள்ளை, சமவெளியில் சொந்த வீடு. "ஜன்னலை யார் திறப்பா?" என்று கேட்டாள் நீவெஸ். அவன் சிரித்தான், பிறகு போய்விட்டான்.

அல்வீசே திரும்பி வந்தது பங்குதாரர்களோடு. வில்லாவைப் புதுப்பித்து ஹோட்டல் ஆக்கப் போகிறார்களாம். ஓவியங்களைச் செப்பனிட வந்த பெண் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஈரமே இல்லையே! யார் பாத்துக்கிட்டது?" என்றாள். ஓவியம் இல்லாவிட்டால் ஹோட்டலே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அல்வீசே நீவெஸைக் கட்டிப்பிடித்து, "என் பால் அக்கா" என்றான். அவள் அன்று சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த வாரமே அவன் வாசல் வீட்டில் உட்கார்ந்து காளான் போட்ட பொலெந்தாச் சோளக்களியை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம். மருந்துக்கடை மாடியில அறை பாத்திருக்கேன், அங்க இரு. இந்தக் கூரையையும் மாத்திடறேன். எத்தனை நாள்தான் குளிர்ல நடுங்குவே?"

"நான் எங்கடா நடுங்கினேன்?"

"பேங்க்காரன் முரண்டு பிடிக்கிறான் நீவெஸ். அம்மா எழுதின பத்திரம் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் நடக்காதுங்கறான். விட்டுக்கொடுக்கறேன்னு ஒரு கையெழுத்து போடு. வேலை முடிஞ்சதும் மறுபடி எழுதிக்கலாம். நமக்குள்ள என்ன எழுத்து?"

"அதானே, நமக்குள்ள என்ன எழுத்து?" என்று அவளும் சொல்லி, மூன்றாம் தட்டையும் வைத்தாள்.

காப்பிக்கடை கில்தோவின் காதுக்கு இது எட்டியது. அவனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"மறுபடி எழுதிக்கலாம்னானா? அந்த வார்த்தையை முதல்ல எழுதி வாங்கு."

"கூடப் பிறந்தவன்கிட்ட எழுதி வாங்குவியாடா நீ?"

"வாங்கினேனே! என் கூடப் பிறந்தவன் வெறும் கழுதை, அவன்கிட்டயே வாங்கினேன். உன் ஆளு பிரபு வேற."

"உனக்குப் பொறாமை. உன்னை யாரும் தம்பின்னு கூப்பிடலை."

"என்னைக் கூப்பிட்டா கூடவே கடனும் கேப்பாங்க," என்றான் கில்தோ. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எங்கள் நாட்டில் நோட்டரி பத்திரத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. பெரும்பாலும் ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி கடகடவென்று ஓடும். நாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவோம். அன்றும் அப்படித்தான் ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் நோட்டரி வேகத்தைக் குறைத்தார். "நிரந்தரமாகவும், திரும்பப் பெற முடியாதபடியும்" என்று நிறுத்தி வாசித்து, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"புரிஞ்சுதாம்மா? ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க."

நீவெஸுக்குப் புரிந்தது. அவள் ஒன்றும் மடச்சி இல்லை. ஆனால் பக்கத்தில் அல்வீசே. எதிரே முன்பின் தெரியாத இரண்டு பங்குதாரர்கள். அவர்கள் முன்னால் 'மறுபடி எழுதித் தருவாயா' என்று கேட்டால், நீ குடித்த பாலை நான் நம்பவில்லை என்று சொன்ன மாதிரி. அவனைத் தலைகுனிய வைத்த மாதிரி. எங்கள் ஊர்க்காரி எவளும் கேட்டிருக்க மாட்டாள்.

"புரிஞ்சுது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அல்வீசே அவளுக்குக் கிரீம் வைத்த பன் வாங்கிக் கொடுத்தான்.

மருந்துக்கடை மாடியில் இரண்டு வருடம் ஓடிற்று. முதலில் வாரம் ஒருமுறை வந்த போன், பிறகு மாதம் ஒருமுறையானது. "எழுதறதுதானே? ஆகட்டும் ஆகட்டும், திறப்பு விழா முடியட்டும்," என்பான் அல்வீசே. கில்தோ கேலி செய்வதை நிறுத்திவிட்டான். காப்பிக்குக் காசு வாங்குவதையும் நிறுத்தினான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இன்னும் ஒண்ணும் ஆகலை, காசை வாங்கு," என்று கல்லாவில் சில்லறையை அடித்து வைப்பாள்.

ஜூன் மாதத்தில் கெட்டி அட்டையில் அழைப்பு வந்தது. கூடவே ஹோட்டல் மேலாளர் இலாரியா, மிலான்காரப் பெண், போனில் பேசினாள். "உங்கம்மாவோட பவள மாலையை மறக்காம கொண்டு வாங்க. அதுக்குன்னே ஒரு இடம் பண்ணியிருக்கோம்."

நீவெஸ் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். பவளத்தைக் கைப்பையில் வைக்கவில்லை, கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வாசல் வீட்டுச் சாவி கையில் வரும் என்று முழுதாக நம்பித்தான் மேடேறினாள். 

தொப்பிக்காரன் பட்டியலில் அவள் பெயரைத் தேடினான். கூடத்தில் உச்சி வெயில். பலகைக் கதவுகள் எல்லாம் விரியத் திறந்து கிடக்க, வெயில் நேராக ஓவியத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கை தானாகக் கதவின் கொக்கிக்குப் போனது.

"அம்மா, தொடாதீங்க, போட்டோ எடுக்கறாங்க," என்றான் பரிமாறுகிறவன்.

அவள் கையை எடுத்துக்கொண்டு வாசல் வீட்டுக்கு நடந்தாள். கதவில் பித்தளைத் தகடு: செவிலித்தாய் இல்லம். அடுப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் குளியல் தொட்டி. கட்டில் தலைமாட்டில் ஆளுயரத்துக்குப் பல்மீராவின் படம், கையில் கைக்குழந்தை அல்வீசே, கழுத்தில் பவளம். படத்தின் கீழே விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. மூலையில் யாரோ விருந்தாளிகளின் பெட்டிகள், அன்றே தங்க வந்தவர்கள்.

அல்வீசே வெளிநாட்டு விருந்தினர் கூட்டத்தோடு உள்ளே வந்தான். அவளை ஓரமாக இழுத்தான்.

"வந்துட்டியா! எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா?"

"எழுத்து?"

"பங்குதாரருங்க ஒத்துக்கலை நீவெஸ். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ இங்க வந்து உக்காரலாம், நம்ம கதையைச் சொல்லலாம். விருந்தாளிங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். உன் வீடு மாதிரியே நினைச்சுக்கோ."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டான். இங்கிலீஷில் பேசினான். பால், அக்கா, அம்மா என்பதெல்லாம் சாடையிலேயே புரிந்தது. பெண்கள் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்து, அவள் கழுத்தை நோக்கிக் கை நீட்டினான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று நீவெஸுக்குப் பத்தொன்பது வயதிலேயே தெரியும். பெரியம்மா சொன்னாள். இந்த அறுபத்தோரு வயதுவரை அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை, அம்மாவிடம்கூடக் கேட்டதில்லை. பால் அக்கா என்று அவன் கூப்பிடுவது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"நாம ஒரே பால் குடிக்கலீங்க," என்றாள்.

"என்ன நீவெஸ் இது, 'ங்க' எல்லாம் போட்டுக்கிட்டு?"

"எங்கம்மா பாலை நீங்க குடிச்சீங்க, முழுசா, பதினாலு மாசமும். உங்க வீட்டுக்காரங்க, பிள்ளைக்குப் பங்கு குறையும்னு என்னைக் கிட்டயே விடலை. காத்து நல்லதுன்னு மலைக்கு அனுப்பினாங்க. நான் குடிச்சது பெரியம்மாவோட ஆட்டுப்பால். நான் உங்க அக்கா இல்லை. அன்னிக்கே என் பங்கை எடுத்துக்கிட்டீங்க. அது தெரிஞ்சும் அந்தக் கையெழுத்தைப் போட்டேன் பாருங்க, நான்தான் கழுதை." பவளத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். "இது அந்தப் பாலுக்கு வந்த கூலி. எனக்குச் சேர வேண்டியதுல மிச்சம் இது ஒண்ணுதான். இது பெட்டிக்குள்ள போகாது."

அல்வீசேயின் முகம் வெளுத்தது. அது உண்மை, இலாரியாவே பிறகு கில்தோ கடையில் சொன்னாள். கூட்டத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி அம்மாள், அந்தப் பெண்மணி என்ன சொல்கிறார் என்று ஆவலாகக் கேட்டாள்.

அவன் அவர்கள் பக்கம் திரும்பினான். சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். நாங்கள் இருவரும் ஒரே பால் குடித்தவர்கள் என்கிறாள். இந்த வீட்டை உங்களுக்குக் கொடுப்பதில் அவளுக்குச் சந்தோஷமாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தோட்டத்தைத் தாண்டி, தொப்பிக்காரனைத் தாண்டிச் சாலைக்கு வரும்வரை அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.