திரை மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர்

கணினித் திரையின் வலது மூலையில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கரைப் போன வாரம்தான் உரித்தேன். நகத்தால் சுரண்டியதும் பசை வாசனை குப்பென்று வந்தது. மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் என் கடைக்கு நீங்கள் வந்திருந்தால் அதைப் பார்த்திருப்பீர்கள். என்ன அது என்று கேட்டும் இருப்பீர்கள். நான் சிரித்து மழுப்பியிருப்பேன்.

விஷயம் இதுதான். கொஞ்ச காலமாக அந்த மூலையில் ஓர் அறிவிப்பு வந்து வந்து நின்றது. இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்று போட்டிருப்பதாக என் மச்சான் ரவி படித்துச் சொன்னான். எத்தனை முறை மூடினாலும் திரும்ப வந்தது. லாரிக் கதவுக்கும் கார் கண்ணாடிக்கும் பெயர் வெட்டி ஒட்டுகிறவன் நான். அளவாக ஒரு துண்டு வெட்டி அந்த அறிவிப்பின் மேலேயே ஒட்டிவிட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டா எதிர்ல லாரி வராதா?" என்றாள் என் மனைவி சரசு.

சிஸ்டம் மாறுவது பற்றி எனக்குக் கவலை இல்லை. அதோடு சேர்ந்து ஓடும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்தான் கவலை. அது மிகவும் பழையது. செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள். புதிய சிஸ்டத்துக்கு அதை அடையாளம் தெரியாமல் போனால் கடையை மூட வேண்டியதுதான். கடையை மூடினால் வேறு வேலை தேட வேண்டும். வேறு வேலை என்றால் மனிதர்களோடு பேச வேண்டும்.

பேசும் வேலை எனக்கு எந்த லட்சணத்தில் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், சில வருடம் அங்கே இங்கே சுற்றிவிட்டு, கூலாயில் தாவூத் நானாவின் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கச் சேர்ந்தேன். அங்கே எழுதிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. மேசை அருகில் நின்றபடியே, "தே ஓ ஒண்ணு, கோப்பி ரெண்டு, மீலோ ஐஸ்" என்று கடை அதிரக் கத்த வேண்டும். தே ஓ என்றால் பால் சேர்க்காத தேநீர். அந்தக் கோடியில் நிற்கும் தே மாஸ்டர் காதில் வாங்கிக்கொண்டு கலக்குவார். எனக்குக் குரல் வராது. ஒவ்வொரு முறையும் அவரிடம் நடந்து போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வருவேன்.

"டேய், ஆர்டர் சொல்றியா, ரகசியம் சொல்றியா?" என்பார் மாஸ்டர். "அவன்கிட்ட சொன்னா தே நாளைக்குத்தான் வரும் லா" என்பார்கள் லாரி ஓட்டுநர்கள். தோள் துண்டின் நுனியால் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

கடைசியில் தாவூத் நானா கூப்பிட்டார். "தம்பி, நீ நல்ல பிள்ளை. ஆனா வாயே இல்ல. குளுவாங்ல என் தம்பி போர்டு எழுதுற கடை வச்சிருக்கான். கம்ப்யூட்டர் வாங்கியிருக்கானாம். அதுகிட்ட நீ பேச வேணாம், போ."

வேலை போனதும் வேலை கிடைத்ததும் ஒரே மூச்சில்.

குளுவாங் கடையில் கணினிக்குத் தனிக் கண்ணாடி அறை, ஏர்கோன் குளிர், கணினி மேலே மூட ஒரு பூப்போட்ட துவாலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் இடத்தை வைத்துப் பழகினேன். மேல் வரிசையில் மூன்றாவதைத் தொட்டு, கீழே இறங்கி, கத்திரி படத்துக்கு அடுத்தது. அதை அழுத்தினால் வெட்டும். வாடிக்கையாளர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி, தெரியுமா? சொந்தக் கடை போட்ட பிறகும் இடம் பார்த்துத்தான் வேலை. அந்த இடமெல்லாம் மாறினால் நான் மறுபடியும் ஒன்றும் தெரியாதவன்.

ரவி சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அவன் விடவில்லை. "விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சா நல்லது" என்று சரசுவும் சேர்ந்துகொண்டாள். முதல் நாள் ஆயுத பூஜை. கணினி, மெஷின், கத்தி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தோம். மறுநாள் ரவி லீவு போட்டு வந்தான். கோப்புகளை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான்.

மதியத்தில் புதிய திரை வந்தது. இனி மறைக்க அறிவிப்பு இல்லை என்று மூலை ஸ்டிக்கரை உரித்தேன்.

"கீழ இடது மூலையில இருந்த ஜன்னல் படம் எங்க மச்சான்?"

"நடுவுக்குப் போயிருச்சு மாமா."

"ஏன்?"

"அவனுங்க இஷ்டம். உங்களுக்கு இடதுலதானே வேணும்? இந்தாங்க." இரண்டு தட்டு. பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வரைகிற மென்பொருளைத் திறந்தேன். கத்திரி படம் கத்திரி படத்தின் இடத்திலேயே இருந்தது. பாதி உயிர் வந்தது.

மெஷினை இணைத்தோம். ஸ்டிக்கர் தாளை மாட்டினேன். தாள் இல்லை என்றது. எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். தாள் இல்லை. ரவி எதையெதையோ அழித்துத் திரும்ப ஏற்றினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "மெஷினுக்கு வயசாயிருச்சு மாமா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கோ கூலாய் கடையின் நடுவில் வாயைத் திறந்தபடி நிற்பதுபோல் இருந்தது.

மூடி வைத்துவிடலாம் என்று துணியை எடுத்து மெஷினைத் துடைக்கப் போனேன். உருளைக்குப் பக்கத்தில், தாள் வந்ததைப் பார்க்கும் கறுப்புக் கண் ஒன்று உண்டு, மிளகு அளவில். அதன்மேல் சந்தனம். சந்தனத்தின் நடுவில் அழகாகக் குங்குமம்.

எப்போதும் மெஷினுக்கு நான்தான் மூடியில் பொட்டு வைப்பேன். இந்த முறை எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தேன்.

"நெத்தி மாதிரி இருந்துச்சு, வச்சேன்" என்றாள் சரசு.

"அக்கா, அது கண்ணு."

"கண்ணுன்னு எழுதியா ஒட்டியிருக்கு? ஸ்டிக்கர் கடைதானே, ஒட்ட வேண்டியதுதானே."

ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தாளை மாட்டினேன். கர்ர் என்று இழுத்துக்கொண்டது. ஒரு லாரிக்காரரின் மகள் பெயரை அனுப்பினேன். கத்தி ஓடும் சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான்.

சாயங்காலம் அவனை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோய் விடும் வழியில் கூலாயில் சாப்பிட நிறுத்தினோம். அதே கடை. தாவூத் நானா இல்லை, தே மாஸ்டரும் இல்லை. மேசை மூலையில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் ஆர்டர் தானாகப் போகுமாம். வெட்டிய ஓரம் சரியில்லை, யார் வேலையோ. எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் பையன்கள் பேசாமல் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இப்படி இருந்திருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். குளுவாங்குக்கே போயிருக்க மாட்டேன்.

ரவி கைப்பேசியை எடுத்தான். வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, என் வழக்கமான மெல்லிய குரலில், "தே ஓ ரெண்டு" என்றேன்.

கத்துகிறவர்கள் யாரும் இல்லாத அந்தக் கடையில், கோடியில் தே கலக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, சரி என்று கையைக் காட்டினார்.